எக்கோவில் 63, இன்னொரு எக்கோவில் 49: அம்மாவுக்கு கேத் பண்ணித்தான் ஆகணுமா?

பெரம்பூர் கார்த்தி | ஞாயிறு, இரவு 9:40

அம்மாவுக்கு வயது 54. போன வருஷம் வரை மார்க்கெட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வருவார். இப்போது எங்கள் இரண்டாம் மாடி ஏறுவதற்குள் நடுப்படியில் உட்கார்ந்துவிடுகிறார். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், ஒரு பலனும் இல்லை. அப்புறம் நுரையீரல் டாக்டர் எக்கோ எடுக்கச் சொன்னார். ஆர்விஎஸ்பி 63, 'மாடரேட் பிஏஹெச்' என்று வந்தது, அதாவது நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் நடுத்தரமாக ஏறியிருக்கிறதாம். மாமா சொன்னதால் வேறு சென்டரில் இன்னொன்று எடுத்தோம். அங்கே 49, 'மைல்டு'.

இதய டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு, ரைட் ஹார்ட் கேத் செய்தால்தான் மருந்து பற்றிப் பேச முடியும் என்கிறார். மாமாவோ, "கழுத்து வழியாகக் குழாயை இதயத்துக்குள் விடுவதெல்லாம் எதற்கு? அழுத்தம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, மாத்திரை ஆரம்பிக்கட்டும்" என்கிறார். அம்மாவும் மாமா பக்கம்.

ஒரே ஆளுக்கு இரண்டு எக்கோவில் இவ்வளவு வித்தியாசம் வருமா? கேத் மட்டும் சரியாகச் சொல்லிவிடுமா?

எக்கோ ரூம் அக்கா | ஞாயிறு, இரவு 10:25

வரும் தம்பி. எக்கோ எடுப்பதுதான் என் வேலை, அதனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

எக்கோ மெஷின் நுரையீரல் ரத்தக்குழாயின் அழுத்தத்தை அளப்பதே இல்லை. வேகத்தை அளக்கிறது. இதயத்தின் வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ட்ரைகஸ்பிட் வால்வு இருக்கிறது. அதில் கொஞ்சம் ரத்தம் பின்பக்கம் கசியும், நோய் இல்லாத பலருக்கும் லேசாகக் கசியும். அந்தக் கசிவு எவ்வளவு வேகமாகப் பீய்ச்சுகிறது என்பதை டாப்ளரில் பிடிக்கிறோம். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, மறுபடி 4-ஆல் பெருக்கினால் இரண்டு அறைகளுக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் கிடைக்கும். அதோடு வலது மேலறையின் அழுத்தத்தைக் கூட்டினால் ஆர்விஎஸ்பி, அதாவது வலது கீழறையின் உச்ச அழுத்தம். நுரையீரல் குழாயின் உச்ச அழுத்தமும் ஏறக்குறைய அதுதான் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த மேலறை அழுத்தமும் அளந்தது இல்லை. வயிற்றிலிருந்து மேலே வருகிற பெரிய சிரை எவ்வளவு அகலம், மூக்கை உறிஞ்சச் சொன்னால் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்து 3, 8, 15 இந்த மூன்றில் ஒன்றைப் போடுவோம். சிரையைச் சரியாகப் பார்க்காமல் வழக்கமாக 10 கூட்டிவிடுகிற இடங்களும் உண்டு.

உங்கள் இரண்டு ரிப்போர்ட்டிலும் 'டிஆர் வெலாசிட்டி' அல்லது 'டிஆர் வி மேக்ஸ்' என்று ஒரு எண் இருக்கும், அதுதான் அந்தக் கசிவின் வேகம். அதைப் பார்த்துப் போடுங்கள்.

பெரம்பூர் கார்த்தி | ஞாயிறு, இரவு 10:41

முதலாவதில் 3.7, இரண்டாவதில் 3.2. இரண்டிலும் 8 கூட்டியிருக்கிறார்கள்.

எக்கோ ரூம் அக்கா | ஞாயிறு, இரவு 11:02

பாருங்கள். 3.7-ஐ 3.7-ஆல் பெருக்கி நான்கு மடங்காக்கினால் 55 சொச்சம், 8 கூட்டினால் 63. 3.2-க்கு அதே கணக்கு 41, 8 கூட்டினால் 49. நொடிக்கு அரை மீட்டர் வேக வித்தியாசம்தான் உங்கள் வீட்டில் சண்டையாகியிருக்கிறது. தன்னாலேயே பெருக்குகிற கணக்கு என்பதால் வேகத்தில் சின்னப் பிழை, அழுத்தத்தில் பெரிதாக வந்து நிற்கும்.

அரை மீட்டர் ஏன் தவறும்? கசிவு பாய்கிற திசைக்கு நேராக ப்ரோப் இருக்க வேண்டும். கோணம் விலகினால் வேகம் குறைவாகத்தான் காட்டும், அதிகமாகக் காட்டாது. இடது பக்கமாக நன்றாகச் சாய்ந்து படுக்க வைத்து, மூச்சை விட்டு நிறுத்தச் சொல்லி, நாலு இடத்திலிருந்து தேட வேண்டும். காத்திருப்போர் வரிசை நீளமாக இருக்கிற நாளில் ஒரே இடத்தில் வைத்து முடித்துவிடுவார்கள். இன்னொரு பக்கமும் உண்டு. கசிவின் வேகம் திரையில் ஒரு வளைவாக விழும். அந்த வளைவின் ஓரத்தில் மங்கலாக இரைச்சல் தெரியும், அதையும் சேர்த்துக் கோடு போட்டால் அழுத்தம் கூடுதலாக வரும். அச்சிட்ட படத்தில் வளைவு முழுசாக, ஓரம் தெளிவாக இருக்கிற ரிப்போர்ட்டை நம்புவேன். பாதி வளைவை வைத்துப் போட்ட எண் ஊகம்தான்.

வேளச்சேரி வாசகி | திங்கள், காலை 7:15

அக்கா சொல்வதைப் படித்தால் எக்கோ எடுப்பதே வீண் என்று தோன்றுகிறது. தேடிப் பார்த்தேன். எக்கோ சொன்ன அழுத்தமும் கேத் சொன்ன அழுத்தமும் பாதிப் பேருக்கு ஒத்துப்போகவில்லை என்று ஆராய்ச்சியே இருக்கிறதாமே? பாதிக்குப் பாதி என்றால் நாணயத்தைச் சுண்டிப் பார்த்துவிடலாமே.

ஓய்வுபெற்ற மார்பு மருத்துவர் | திங்கள், காலை 8:50

அந்த ஆராய்ச்சிகள் உண்மைதான், ஆனால் அவை கேட்ட கேள்வி வேறு. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2009-இல் வெளியிட்டதில் 65 நோயாளிகள். எக்கோ எண்ணுக்கும் கேத் எண்ணுக்கும் 10 மில்லிமீட்டர் மெர்க்குரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் 'துல்லியம் இல்லை' என்று வைத்துக்கொண்டார்கள். அப்படி 48 சதவீதம் வந்தது. எல்லாருக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தால் வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் தனி ஆளுக்கு மேலே 40, கீழே 40 வரைகூடத் தவறலாம் என்று இருந்தது. 2003-இல் நுரையீரல் மாற்று அறுவைக்குக் காத்திருந்த 374 பேரில் பார்த்தது இன்னும் மோசம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு கசிவே சரியாகக் கிடைக்காமல் அழுத்தம் கணக்கிடவே முடியவில்லை. முடிந்தவர்களிலும் 52 சதவீதம் துல்லியமில்லை. நுரையீரல் காற்றால் உப்பியிருந்தால் ஒலி அலை உள்ளே போகாது, அதுதான் காரணம்.

ஆனால் 'நோய் இருக்கிறதா இல்லையா' என்று மட்டும் கேட்டால் எக்கோ அவ்வளவு மோசமில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2011-இல் பார்த்தபோது, நோய் உள்ள 100 பேரில் சுமார் 83 பேரைப் பிடித்தது, இல்லாத 100 பேரில் சுமார் 72 பேரைச் சரியாக விடுவித்தது. சந்தேகப் பட்டியல் போட இது போதும், மருந்துச் சீட்டு எழுதப் போதாது.

அதனால்தான் 2022-இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் ஆர்விஎஸ்பி எண்ணையே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, கசிவின் வேகத்தை நேரடியாகப் பார்க்கச் சொல்கிறது. 2.8 வரை என்றால் வாய்ப்பு குறைவு, 3.4-க்கு மேல் என்றால் அதிகம். நடுவில் இருந்தால் மற்ற அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வலது கீழறை இடதைவிடப் பெரிதாகிவிட்டதா, நடுச்சுவர் இடப்பக்கமாகத் தட்டையாகிறதா, வலது மேலறை வீங்கியிருக்கிறதா. கார்த்தி, 3.2-க்கும் 3.7-க்கும் சண்டை போடுவதைவிட இந்த மூன்றும் ரிப்போர்ட்டில் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்.

பெரம்பூர் கார்த்தி | திங்கள், காலை 9:30

இரண்டிலும் 'ஆர்ஏ, ஆர்வி டைலேட்டட்', வலது மேலறையும் கீழறையும் பெரிதாகிவிட்டன என்று இருக்கிறது சார். 49 என்று சொன்ன ரிப்போர்ட்டிலும்.

ஓய்வுபெற்ற மார்பு மருத்துவர் | திங்கள், காலை 9:44

அப்படியானால் 49-ஐப் பார்த்து 'மைல்டு' என்று நிம்மதி அடைய வேண்டாம். வலது பக்கம் வீங்கும் அளவுக்குச் சுமை இருக்கிறது.

ராயபுரம் ராஜா | திங்கள், மதியம் 1:20

கார்த்தி, உங்கள் மாமாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். எங்கள் அப்பாவுக்கு எக்கோவில் 70-க்குக் கிட்ட வந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில், பெயர் வேண்டாம், அந்த எண்ணை மட்டும் பார்த்து, நுரையீரல் குழாயை விரிக்கிற சில்டனாஃபில் மாத்திரையை ஆரம்பித்துவிட்டார்கள். கேத் பேச்சே இல்லை. கொஞ்ச நாளில் படுத்தால் மூச்சு முட்டுகிறது, ராத்திரி எழுந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார். கடைசியில் சென்ட்ரலுக்கு எதிரே ஜி.ஹெச்.சுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, சின்ன வயதில் மூட்டு வலியோடு காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். மைட்ரல் வால்வு சுருக்கம். கேத்தில் வெட்ஜ் 26. அழுத்தம் ஏறியது நிஜம், ஆனால் கோளாறு நுரையீரல் குழாயில் இல்லை, இடது பக்க வால்வில். பலூன் விட்டு வால்வை விரித்தார்கள், மனுஷன் இப்போது மீன் மார்க்கெட் போய் வருகிறார்.

பெரம்பூர் கார்த்தி | திங்கள், மதியம் 2:05

வெட்ஜ் என்றால்? டாக்டரும் அந்த வார்த்தையைத்தான் சொன்னார், எனக்குப் புரியவில்லை.

ஓய்வுபெற்ற மார்பு மருத்துவர் | திங்கள், மாலை 5:10

ராஜா சொன்னதுதான் இந்தப் பேச்சின் நடு நரம்பு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். மழைநீர் வடிகால் அடைத்திருந்தாலும் நிற்கும். வடிகால் சுத்தமாக இருந்து, அடையாறு நிரம்பி எதிர்த்துத் தள்ளினாலும் நிற்கும். தெருவில் எத்தனை அடி தண்ணீர் என்று அளந்தால் இந்த இரண்டில் எது என்று தெரியாது. எக்கோவின் 63 அந்த அடிக்கணக்கு.

கேத்தில் நுனியில் சின்ன பலூன் வைத்த மெல்லிய குழாயைச் சிரை வழியாக விடுவார்கள். வலது மேலறை, கீழறை, நுரையீரல் தமனி என்று ரத்த ஓட்டத்தோடு மிதந்து போகும். ஒரு கிளையில் போய் பலூன் அடைத்துக்கொண்டு நிற்கும்போது, அதற்கு அப்பால் இருக்கிற அழுத்தம் மட்டும் குழாயில் தெரியும். அது இடது மேலறையிலிருந்து வருகிற அழுத்தம். அதுதான் வெட்ஜ். 15 வரை என்றால் இடது பக்கம் பெரும்பாலும் சுத்தம், கோளாறு நுரையீரல் குழாய்களில். 15-ஐத் தாண்டினால் இடது பக்கம் எதிர்த்துத் தள்ளுகிறது. நம் ஊரில் வாதக் காய்ச்சலால் கெட்டுப்போன மைட்ரல் வால்வுகள் இன்னும் நிறைய இருக்கின்றன, பிரஷரும் சர்க்கரையும் உள்ள வயதானவர்களில் விறைத்துப்போன இடது கீழறையும் உண்டு. இவர்களுக்கு நுரையீரல் குழாயை விரிக்கும் மாத்திரை கொடுத்தால், வெளியேற வழியில்லாத இடத்துக்கு இன்னும் ரத்தம் வந்து சேரும், நுரையீரலில் நீர் கோக்கும். ராஜாவின் அப்பா ராத்திரி எழுந்து உட்கார்ந்தது அதனால்தான்.

ராஜாவின் அப்பாவுக்கு இருந்த வால்வு சுருக்கம் எக்கோவிலேயே தெரிந்திருக்க வேண்டும், உண்மை. மைட்ரல் வால்வைப் பார்ப்பதில் எக்கோ கெட்டிக்காரன். கவனித்துப் பார்க்காதது கருவியின் குற்றம் இல்லை.

கார்த்தியின் கேள்விக்கு நேர் பதில்: 63-ஆ 49-ஆ என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும் என்றால் கேத் தேவையே இல்லை. கேத் செய்வது வெட்ஜுக்காகவும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் ஓடுகிறது என்பதற்காகவும். சராசரி அழுத்தத்திலிருந்து வெட்ஜைக் கழித்து, ஓட்டத்தால் வகுத்தால் குழாய்களின் எதிர்ப்பு வரும். இப்போதைய வரையறைப்படி சராசரி 20-க்கு மேல், வெட்ஜ் 15-க்குள், எதிர்ப்பு 2 வுட் யூனிட்டுக்கு மேல் இருந்தால்தான் கோளாறு நுரையீரல் குழாயில் என்று எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் சராசரி 25 என்று இருந்தது.

தாம்பரம் சிவா | திங்கள், இரவு 8:30

எனக்கு ரத்தக்கட்டியால் வந்த வகை. கேத் அனுபவம் உண்டு, பயமுறுத்தல் இல்லாமல் சொல்கிறேன்.

ஆஞ்சியோ என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். இது தமனியில் இல்லை, சிரையில். கழுத்தில் மரப்பு ஊசி போட்டார்கள், அது மட்டும் சுருக்கென்றது. ஸ்கேனில் சிரையைப் பார்த்துத்தான் குத்தினார்கள். சிலருக்கு முழங்கை மடிப்பிலோ தொடையிலோ போடுவார்கள். முழு நினைவோடு இருந்தேன், டாக்டரும் நர்சும் ஐபிஎல் பேசிக்கொண்டிருந்தார்கள். குழாய் கீழறையைத் தாண்டும்போது நெஞ்சுக்குள் படபடவென்று நாலைந்து துடிப்பு எகிறியது, நின்றுவிட்டது. எடுத்த பிறகு அழுத்திப் பிடித்தார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டேன். சொல்லப்போனால் கேத் லேப் குளிர்தான் கொடுமை. போர்வை கேட்டு வாங்குங்கள்.

வேளச்சேரி வாசகி | திங்கள், இரவு 9:05

ஆபத்தே இல்லையா? அதையும் சொல்லுங்களேன்.

ஓய்வுபெற்ற மார்பு மருத்துவர் | திங்கள், இரவு 9:50

இருக்கிறது. இந்த நோயில் அனுபவமுள்ள மையங்களில் நடந்த 7,218 கேத்களைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டார்கள். கடுமையான சிக்கல் 1.1 சதவீதம், உயிரிழப்பு 0.055 சதவீதம். சிக்கல்களில் பெரும்பாலானவை குத்திய இடத்தில் ரத்தக்கட்டு, துடிப்பு மாற்றம், மயக்கம் போன்றவை. கவனியுங்கள், அது அனுபவமுள்ள மையங்களின் கணக்கு. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைப்பதில் கைதேர்ந்த எல்லா இடங்களும் இதிலும் கைதேர்ந்தவை என்று நினைக்க வேண்டாம். இங்கே எவ்வளவு அடிக்கடி ரைட் ஹார்ட் கேத் செய்கிறீர்கள் என்று தயங்காமல் கேட்கலாம்.

வாசகி கேட்காவிட்டாலும் இன்னொன்று. கேத் எண்ணும் வானத்திலிருந்து விழுவதில்லை. அழுத்தம் அளக்கும் கருவியைப் படுத்திருப்பவரின் மார்பின் நடு உயரத்துக்குச் சரியாக வைத்துப் பூஜ்யம் செய்ய வேண்டும். சில சென்டிமீட்டர் இறங்கினாலே எல்லா எண்ணும் ஏறிவிடும். வெட்ஜை மூச்சு விட்டு முடிக்கிற கணத்தில் படிக்க வேண்டும், மெஷின் தானாகப் போடுகிற சராசரியை அப்படியே எழுதக் கூடாது. பலூன் சரியாக அடைக்காவிட்டால் வெட்ஜ் பொய்யாக ஏறும், அப்புறம் நுரையீரல் நோய்க்காரர் இதய நோய்க்காரர் ஆகிவிடுவார். நேர்மாறாக, ஒரு வாரம் லேசிக்ஸ் போட்டு நீரை இறக்கிவிட்டு கேத் செய்தால் இடது பக்கக் கோளாறு உள்ளவருக்கும் வெட்ஜ் 13 என்று நல்ல பிள்ளையாக வரும். சந்தேகம் இருந்தால் சலைன் கொஞ்சம் வேகமாக ஏற்றி மறுபடி அளப்பார்கள்.

எக்கோ ரூம் அக்கா | திங்கள், இரவு 10:15

அப்பாடா, கேத்துக்கும் நாலு திட்டு விழுந்தது. நன்றி சார்.

பெரம்பூர் கார்த்தி | வெள்ளி, இரவு 7:30

அம்மாவுக்கு நேற்று முடிந்தது. மாமாவும் கூட வந்தார், ராஜா அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு பேச்சே இல்லை. ஆனால் இப்போது புதுச் சண்டை. ரிப்போர்ட்டில் பிஏ (நுரையீரல் தமனி) 64/24, மீன் 38 என்று இருக்கிறது. "பார்த்தாயா, எக்கோவில் 63, கேத்தில் 38, எக்கோக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்கிறார் மாமா. ஆர்ஏ 8, வெட்ஜ் 11, கார்டியாக் அவுட்புட் (நிமிடத்துக்கு ஓடுகிற ரத்தம்) 4 லிட்டர்.

எக்கோ ரூம் அக்கா | வெள்ளி, இரவு 8:00

மாமாவிடம் சொல்லுங்கள், எக்கோவின் 63-ஐ 64-உடன் ஒப்பிட வேண்டும், 38-உடன் இல்லை! நாங்கள் சொல்வது இதயம் சுருங்கும்போது ஏறுகிற உச்ச அழுத்தம். 38 என்பது மேலும் கீழும் சேர்ந்த சராசரி. உச்சத்திலிருந்து சராசரியை ஊகிக்க ஒரு கணக்கு உண்டு, 0.61-ஆல் பெருக்கி 2 கூட்டுவது. 63-க்குப் போட்டால் 40 வருகிறது. மேலறைக்குப் போட்ட 8-உம் சரியாக இருந்திருக்கிறது. முதல் சென்டரில் எடுத்தவர் பொறுமையான ஆள். 49 போட்ட இடத்தில் வளைவு பாதிதான் கிடைத்திருக்கும்.

இவ்வளவு ஒத்துப்போவது எப்போதும் நடக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற மார்பு மருத்துவர் | வெள்ளி, இரவு 8:40

38-இலிருந்து 11 போக 27, அதை 4-ஆல் வகுத்தால் எதிர்ப்பு 6.75. வெட்ஜ் 11. இடது பக்கம் காரணம் இல்லை. கோளாறு நுரையீரல் குழாய்களிலேயே. இந்த இரண்டு வரியை எந்த எக்கோவும் உறுதியாகச் சொல்லியிருக்காது.

குழாய்கள் விரிகின்றனவா என்று நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுவாசிக்கக் கொடுத்துப் பார்த்தார்களா? காரணம் தெரியாத வகையாக இருந்தால் அந்தச் சோதனை முக்கியம். சராசரி குறைந்தது 10 இறங்கி 40-க்குள் வந்து, ரத்த ஓட்டமும் குறையாமல் இருந்தால், அப்படிப்பட்ட சிலருக்கு விலை குறைந்த கால்சியம் தடுப்பு மாத்திரையே கேட்கும்.

பெரம்பூர் கார்த்தி | வெள்ளி, இரவு 9:10

பார்த்தார்கள் சார், 38 வெறும் 35 ஆனது. பலனில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்து வி/கியூ ஸ்கேன் எழுதியிருக்கிறார்.

தாம்பரம் சிவா | வெள்ளி, இரவு 9:25

அதைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய ரத்தக்கட்டி குழாய்களில் ஒட்டிக்கிடக்கிறதா என்று பார்ப்பது அதில்தான். சாதாரண சிடி நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள், எனக்கு அப்படித்தான் விட்டார்கள். கட்டி வகை என்றால் அறுவை செய்து எடுக்க முடியும், எல்லாருக்கும் இல்லை என்றாலும்.

வேளச்சேரி வாசகி | வெள்ளி, இரவு 9:50

சரி, ஒப்புக்கொள்கிறேன், சுண்டின நாணயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மருந்து ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு தடவையும் கேத்தா?

ஓய்வுபெற்ற மார்பு மருத்துவர் | வெள்ளி, இரவு 10:20

இல்லை. ஆறு நிமிட நடை, இதயத்தின் சுமையைக் காட்டுகிற என்டி ப்ரோ பிஎன்பி ரத்தப் பரிசோதனை, எக்கோ, இவற்றை வைத்தே பெரும்பாலும் ஓட்டலாம். அந்த எக்கோவிலும் அழுத்த எண்ணைத் துரத்த வேண்டாம். வலது கீழறை களைத்துப்போனால் அதனால் அழுத்தத்தை எழுப்பவே முடியாது, ஆர்விஎஸ்பி இறங்கும், வீட்டில் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், நோயாளி மோசமாகிக்கொண்டிருப்பார். வலது கீழறை எப்படிச் சுருங்குகிறது, மேலறை எவ்வளவு பெரிது, இதயத்தைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டிய கட்டத்தில் மறுபடி கேத் கேட்பார்கள்.

எக்கோ ரூம் அக்கா | வெள்ளி, இரவு 10:35

கார்த்தி, அடுத்த எக்கோவை அந்த முதல் சென்டரிலேயே எடுங்கள். போகும்போது பழைய எக்கோவையும் கேத் தாளையும் கொண்டுபோய் எடுப்பவர் கையிலேயே கொடுங்கள், ரிசப்ஷனில் கொடுத்தால் ஃபைலுக்குள் போய்விடும். எங்களுக்கு 64/24 என்று முன்னாலேயே தெரிந்தால், வளைவு சின்னதாக வரும்போது இன்னும் நாலு இடத்தில் தேடுவோம். வலது கீழறை எவ்வளவு நன்றாகச் சுருங்குகிறது என்று சொல்கிற 'டாப்ஸி' என்று ஒரு எண் ரிப்போர்ட்டில் இல்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள், 17 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டாக்டரிடம் உடனே காட்டுங்கள். அம்மா சார்பிட்ரேட் மாதிரி நெஞ்சு வலி மாத்திரை ஏதாவது வைத்திருக்கிறாரா?

பெரம்பூர் கார்த்தி | வெள்ளி, இரவு 10:48

அப்பாவுடையது வீட்டில் இருக்கிறது, நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட். ஏன் அக்கா?

ஓய்வுபெற்ற மார்பு மருத்துவர் | வெள்ளி, இரவு 11:00

அம்மாவுக்கு சில்டனாஃபிலோ டடலாஃபிலோ எழுதினால், அந்த சார்பிட்ரேட்டை அவர் தவறியும் தொடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக விழும். அப்பாவின் பெட்டியையும் அம்மாவின் பெட்டியையும் வேறு வேறு அலமாரியில் வையுங்கள். வி/கியூ வந்ததும் இங்கேயே போடுங்கள்.